தையல் பிரித்த பிறகு

புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. ஆபரேஷன் நாள், குழாய் எடுக்கும் நாள், தையல் பிரிக்கும் நாள், டிஸ்சார்ஜ் நாள். ஒவ்வொன்றாகக் கடக்கக் கடக்க வீட்டாருக்கு மூச்சு வருகிறது. ‘கட்டிய எடுத்தாச்சு, கண்டம் தாண்டியாச்சு’ என்று ஊருக்குப் போன் போகிறது. நோயாளிக்கோ பல சமயம் அதற்குப் பிறகுதான் தூக்கம் போகிறது. ஆபரேஷன் தியேட்டருக்குச் சிரித்துக்கொண்டே போனவர், காயம் ஆறிய பின் காரணமில்லாமல் அழுகிறார். சாப்பாடு பிடிக்கவில்லை என்கிறார். பார்க்க யாராவது வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறார். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு இது ஏன் என்று வீட்டில் யாருக்கும் புரிவதில்லை.

ஆபரேஷன் வரைக்கும் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பணம் புரட்டுதல், நாள் குறித்தல் என்று ஓட்டமாக ஓடியதில் பயப்பட நேரமில்லை. வீடு திரும்பியதும் ஓட்டம் நிற்கிறது, காத்திருப்பு தொடங்குகிறது. வெட்டியெடுத்த கட்டியின் பயாப்சி ரிப்போர்ட் வர வேண்டும். நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா, கீமோ வேண்டுமா, கரண்ட் (ரேடியேஷன்) வைக்க வேண்டுமா என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. ஆஸ்பத்திரியில் நாளைக்கு நான்கு முறை வந்து பார்த்த நர்ஸ் இங்கே இல்லை. கண்ணாடி இருக்கிறது.

இந்தக் காலகட்டத்தை மருத்துவம் கூர்ந்து பார்க்கத் தொடங்கி 70 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதில் தெரியவந்த சில உண்மைகள், நோயாளியிடம் நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் மொழிகளுக்கு நேர் எதிராக நிற்கின்றன.

ரிப்போர்ட்டில் இல்லாத ஒன்று

நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் ஆர்தர் சதர்லாண்ட் என்ற மனநல மருத்துவரும் அவரது குழுவினரும் 1952இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடல் புற்றுநோய்க்காக அறுவை செய்து, மலம் வெளியேற வயிற்றில் துளை வைக்கப்பட்டவர்களைப் பற்றியது அது. அறுவை மருத்துவரின் கணக்கில் அவர்கள் வெற்றிகள்: கட்டி போய்விட்டது, காயம் ஆறிவிட்டது, உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் நாற்றம் வந்துவிடுமோ, கசிந்துவிடுமோ என்ற பயத்தில் வேலையையும் நண்பர்களையும் விட்டு ஒதுங்கியவர்கள் அவர்களில் இருந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, மார்பகம் முழுவதையும் இழந்த பெண்களைப் பற்றியும் அதே குழு எழுதியது. ‘அறுவைக்குப் பின் நோயாளி எப்படி வாழ்கிறார்’ என்பது மருத்துவத்தின் கேள்வியானது ஏறக்குறைய அங்கிருந்துதான்.

அதே மருத்துவமனையில் 1977இல் ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண் மருத்துவர் புற்றுநோயாளிகளுக்கென்றே மனநலப் பிரிவைத் தொடங்கினார். அவருடைய கணவர் ஜேம்ஸ் ஹாலண்ட் கீமோதெரபி முன்னோடிகளில் ஒருவர். புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது ரத்த அணுக்கள், கட்டியின் அளவு, பக்கவிளைவு எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார்கள். நோயாளிக்கு மனதளவில் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை என்பது ஜிம்மியின் மனத்தை உறுத்தியது. உளப் புற்றுநோயியல் என்ற துறை உருவாக அவர்தான் முதன்மையான காரணம். 1997இல் அவர் தலைமையில் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று கூடியது. ‘மனநோய்’ முத்திரைக்குப் பயந்து நோயாளிகள் வாய் திறப்பதில்லை என்பதை அறிந்திருந்த அந்தக் குழு முன்வைத்த கருவி மிக எளிமையானது: காகிதத்தில் வரைந்த ஒரு தெர்மாமீட்டர். கடந்த ஒரு வாரத்தில் உங்கள் மன உளைச்சல் எவ்வளவு? பூஜ்யம் என்றால் துளியும் இல்லை, 10 என்றால் தாங்கவே முடியவில்லை. நான்கோ அதற்கு மேலோ என்றால் அடுத்த கட்டமாக உட்கார வைத்துப் பேச வேண்டும். பக்கத்திலேயே ஒரு பட்டியலும் இருக்கும்: பணக்கவலை, வீட்டுப் பொறுப்பு, தூக்கமின்மை, வலி, பயம் என்று எது அழுத்துகிறதோ அதைக் குறித்துக் காட்டலாம்.

எத்தனை பேருக்கு இந்த உளைச்சல் இருக்கிறது? அமெரிக்காவில் 4,496 புற்றுநோயாளிகளிடம் செய்து 2001இல் வெளியான ஆய்வில், 35 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க உளைச்சல் இருந்தது. நுரையீரல் புற்றுநோயில் அது மிக அதிகம், 43 சதவீதம். நேர்காணல் மூலம் முறையாக நோயறிந்த 70 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் ‘லான்செட் ஆன்காலஜி’ இதழில் வந்த ஆய்வு இன்னும் துல்லியமானது. சுமார் 10,000 நோயாளிகளில் மனச்சோர்வு நோய் 16 சதவீதம், புதிய நிலைமைக்குப் பழக முடியாமல் தவிக்கும் கோளாறு 19 சதவீதம், பதற்ற நோய் 10 சதவீதம். ஒருவருக்கே ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கலாம் என்பதால் இவற்றைக் கூட்டிவிடக் கூடாது. இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. கேன்சர் வந்தவர்கள் எல்லோரும் மனம் உடைந்துபோவதில்லை. உடைந்துபோகிறவர்கள் விதிவிலக்கும் அல்ல. வார்டில் ஆறு கட்டிலுக்கு ஒருவர் அந்த நிலையில் இருக்கிறார்.

மனம் என்று நாம் நினைப்பதில் பாதி உடம்பு

கத்தி பட்ட திசுவிலிருந்து இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. காயத்தை ஆற்றுவதற்கான ஏற்பாடு இது. அதே செய்தி மூளைக்கும் எட்டுகிறது. மூளை உடனே செலவைக் குறைக்கிறது: பசியைத் தணிக்கிறது, அசதியைக் கூட்டுகிறது, யாரோடும் பேசத் தோன்றாமல் செய்கிறது. விலங்குகளிலும் இதே நிகழ்வு உண்டு. காய்ச்சல் கண்ட நாய் மூலையில் போய்ச் சுருண்டு படுப்பது இதனால்தான். பிரெஞ்சு ஆய்வாளர் ராபர்ட் டான்ட்ஸரும் மற்றவர்களும் விரிவாக ஆராய்ந்த இந்த நிலை, காயம் ஆறும்போது தானாக விலகிவிட வேண்டும். ஆனால் அறுவைக்குப் பின் கீமோ, அதன் பின் ரேடியேஷன் என்று அடுத்தடுத்து உடம்பில் அழற்சி தூண்டப்பட்டுக்கொண்டே இருந்தால் சோர்வும் விலகாமல் நீள்கிறது. ‘எதிலயும் பிடிப்பு இல்ல’ என்று நோயாளி சொல்லும்போது, அவர் உடம்பின் வேதியியலையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

வலி இன்னொரு வாசல். டென்மார்க்கில் மார்பக அறுவை நடந்து இரண்டு மூன்று ஆண்டுகளான 3,253 பெண்களிடம் கேட்டபோது, 47 சதவீதம் பேர் இன்னும் வலி இருப்பதாகச் சொன்னார்கள். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது, மேல்கையின் உட்புறத்துக்குப் போகும் மெல்லிய நரம்பு பாதிக்கப்படலாம். பிறகு மாதக்கணக்கில் அங்கே மரத்துப்போன உணர்வும் சுருக்கென்ற குத்தலும் இருக்கும். நரம்புக்கு இது சாதாரணம். ஆனால் இதை முன்கூட்டி யாரும் சொல்லியிராத பெண்ணுக்கு ஒவ்வொரு குத்தலும் ‘திரும்ப வந்துடுச்சோ’ என்ற கேள்விதான்.

எந்த உறுப்பை எடுத்தார்கள் என்பதும் மனநிலையைத் தீர்மானிக்கிறது. கருப்பைப் புற்றுநோய்க்காகச் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால், இயல்பாக ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிய மாதவிடாய் நிற்றல் ஒரே நாளில் நிகழ்கிறது. உடம்பு தீயாய்க் காந்துவது, நடுராத்திரி வியர்வை, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் அதன் விளைவு. தைராய்டு சுரப்பியை எடுத்தவருக்கு, கதிரியக்க அயோடின் கொடுப்பதற்காக தைராய்டு மாத்திரையைச் சில வாரம் நிறுத்தி வைப்பதுண்டு. அப்போது வரும் மந்தமும் துக்கமும் அசல் மனச்சோர்வைப் போலவே இருக்கும். கீமோவோடு தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரை இரவெல்லாம் விழிக்க வைத்துப் படபடப்பைக் கொடுக்கும். வயதானவர்கள் ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாததைப் பார்த்துப் பேசுவதுண்டு. பார்ப்பவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகத் தோன்றும். பெரும்பாலும் இது தற்காலிக மூளைக் குழப்பம். உடனே டாக்டரிடம் சொன்னால் காரணத்தைத் தேடிச் சரிசெய்ய வழி உண்டு.

இதனால்தான் புற்றுநோயாளியின் மனச்சோர்வைக் கண்டுபிடிப்பது கடினம். பசியின்மை, தூக்கமின்மை, எடை குறைவது, அசதி ஆகியவை மற்றவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள். இவரிடமோ நோயும் மருந்துமே அவற்றைக் கொண்டுவரலாம். 1983இல் ஸிக்மண்ட், ஸ்னெய்த் என்ற இருவர் மருத்துவமனை நோயாளிகளுக்காக உருவாக்கிய 14 கேள்விகள் கொண்ட அளவுகோல் இந்தச் சிக்கலை நேர்த்தியாகத் தாண்டியது. உடல் அறிகுறிகளை அது பெரும்பாலும் தொடுவதில்லை. முன்பு ரசித்தவற்றை இப்போதும் ரசிக்க முடிகிறதா, சிரிக்க முடிகிறதா, எதையாவது ஆவலோடு எதிர்பார்க்கிறீர்களா என்றே கேட்கிறது. வீட்டில் இருப்பவர்களும் இதைக் கவனிக்கலாம். சாப்பிடாத அப்பாவைவிட, கிரிக்கெட் மேட்ச் ஓடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அப்பா கவலைக்குரியவர்.

உறுப்பும் ஊரும்

மார்பகம் முழுவதையும் மார்புத் தசையோடு சேர்த்து அகற்றும் முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பினார். கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்பதை பெர்னார்ட் ஃபிஷரின் ஆய்வுகள் 1980களில் காட்டின. மார்பகம் தப்பினால் மனமும் தப்பும் என்று மருத்துவர்கள் எதிர்பார்த்தார்கள். பிரிட்டனில் லெஸ்லி ஃபாலோஃபீல்ட் 1986இல் வெளியிட்ட ஆய்வு அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியது. மார்பகத்தை இழந்தவர்களுக்கும் காப்பாற்றிக்கொண்டவர்களுக்கும் பதற்றத்திலும் மனச்சோர்விலும் பெரிய வித்தியாசம் இல்லை. உடல் தோற்றத்தைப் பற்றிய வருத்தம் காப்பாற்றிக்கொண்டவர்களுக்குக் குறைவு என்பதைப் பிற்கால ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. ஆனால் கேன்சர் பற்றிய பயம் இரு சாராருக்கும் ஒன்றுதான். உறுப்பைக் காப்பாற்றியவர்கள், ‘கொஞ்சம் விட்டுவைத்துவிட்டார்களோ’ என்றும் பயப்படலாம்.

நம் நாட்டில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் வாய்ப் புற்றுநோயில் கதை வேறு. புகையிலை, வெற்றிலைபாக்கு, குட்காவால் வரும் இந்த நோய்க்குக் கன்னத்தையும் தாடையின் ஒரு பகுதியையும் சில சமயம் நாக்கையும் எடுக்கிறார்கள். மார்பகத்தையும் வயிற்றுத் துளையில் மாட்டிய மலப்பையையும் துணியால் மறைக்கலாம், முகத்தை மறைக்க முடியாது. சாப்பாடு வாயோரம் ஒழுகும், பேச்சு குழறும். கல்யாணப் பந்தியில் உட்காரத் தயங்குவார், கடை வாசலில் நின்று டீ குடிப்பதை விட்டுவிடுவார். போதாக்குறைக்கு ‘உன்னால வந்தது’ என்ற சொல்லும் சேர்ந்துகொள்கிறது. குரல்வளையை எடுத்தவருக்கோ தன் துயரத்தைச் சொல்லக் குரலே இல்லை. இப்படிப்பட்டவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியும் விழுங்கும் பயிற்சியும் மனநல சிகிச்சையின் பாதி.

ஹாங்காங்கில் கண்ட நான்கு வழிகள்

மீள்திறன் என்று உளவியலார் சொல்வதை, அறுவை முடிந்த நோயாளிகளிடம் நாள்போக்கில் அளந்து பார்த்த ஆய்வுகளில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் வெண்டி லாம், ரிச்சர்ட் ஃபீல்டிங் ஆகியோர் 2010இல் வெளியிட்டது மிக முக்கியமானது. இழப்புக்குப் பின் மனிதர்கள் செல்லும் பாதைகளை வகைப்படுத்திப் புகழ்பெற்ற ஜார்ஜ் பொனானோவும் அதில் பங்கேற்றார். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்த 285 பெண்களை ஐந்தாம் நாள், ஒரு மாதம், நான்கு மாதம், எட்டு மாதம் என்று நான்கு முறை சந்தித்து அளவெடுத்தார்கள்.

66 சதவீதம் பேர் தொடக்கம் முதல் இறுதிவரை பெரிய உளைச்சல் இல்லாமலே கடந்தார்கள். 12 சதவீதம் பேர் உளைச்சலில் தொடங்கி மீண்டார்கள். 7 சதவீதம் பேர் தாமதமாக மீண்டார்கள். 15 சதவீதம் பேருக்கு எட்டு மாதத்திலும் உளைச்சல் தணியவில்லை. அந்தப் பெண்களை ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, முதல் ஆண்டில் தணியாத உளைச்சலோடு இருந்தவர்களே அப்போதும் அதிகமாகத் துன்பப்பட்டார்கள். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்ற நம்பிக்கை பெரும்பாலோர் விஷயத்தில் சரி, சிறுபான்மையினர் விஷயத்தில் ஆபத்தானது.

யார் எந்த வழியில் போவார்கள் என்பதை எவை முன்னறிவித்தன? நான்கு காரணங்கள் தெரிந்தன. முதலாவது, அறுவை முடிந்த தொடக்க நாட்களில் வலி முதலான உடல் தொந்தரவு எவ்வளவு இருந்தது. எளிதில் கடந்தவர்களுக்கு அது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. இரண்டாவது, எந்த சிகிச்சை என்று முடிவெடுப்பதில் பட்ட சிரமம். தொடர்ந்து தவித்தவர்களுக்கும், உளைச்சலில் தொடங்கியவர்களுக்கும் அது அதிகம். மூன்றாவது, டாக்டரோடு நடந்த முதல் சந்திப்பு. தாமதமாக மீண்டவர்கள் அந்தச் சந்திப்பில் திருப்தி இல்லை என்று சொன்னவர்கள். நான்காவது, எதிர்காலத்தைப் பற்றிய ஒருவரின் பொதுவான நோக்கு. தொடர்ந்து தவித்தவர்களிடம் அவநம்பிக்கை மிகுந்திருந்தது.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படிக்க வேண்டும். மன தைரியம் என்று நாம் நோயாளியிடம் எதிர்பார்க்கும் பொருள் நான்கில் ஒன்றுதான். மற்ற மூன்றும் அவர் கையில் இல்லை. வலியைத் தணிப்பது, முடிவெடுக்க நேரமும் விவரமும் தருவது, முதல் சந்திப்பில் முகம் பார்த்துப் பேசுவது ஆகியவை மருத்துவமனையின் வேலை, வீட்டாரின் வேலை.

மீள்திறனைப் பற்றிய பழைய ஆய்வுகளும் இந்தத் திசையையே காட்டுகின்றன. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த குழந்தைகளை எமி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடும்பச் சிக்கல் எனப் பல துன்பங்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்தார்கள். நம்பிக்கையோடு அணுகக்கூடிய பெரியவர் ஒருவராவது அவர்களுக்கு இருந்தார் என்பது அவர் கண்ட முக்கியமான உண்மை. மீள்திறன் அபூர்வப் பிறவிகளின் குணம் அன்று, சாதாரண ஆதரவுகளிலிருந்து உருவாகும் சாதாரணத் திறன் என்று ஆன் மாஸ்டன் 2001இல் வாதிட்டார்.

நோயாளி செய்யக்கூடியது எதுவுமே இல்லையா? இருக்கிறது. மயாமி பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் கார்வர், ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்களை அறுவைக்கு முன்னிருந்து ஓராண்டு கவனித்து 1993இல் எழுதினார். வந்தது வந்துவிட்டது என்று ஏற்றுக்கொண்டவர்களுக்கும், அதைப் பற்றிச் சிரிக்க முடிந்தவர்களுக்கும் பின்னாளில் உளைச்சல் குறைவு. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று மறுத்தவர்களுக்கும், எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கியவர்களுக்கும் அதிகம். ஏற்றுக்கொள்வதும் கைவிடுவதும் எதிர் எதிரானவை என்பதை இது காட்டுகிறது.

‘போராடுனா ஜெயிச்சிடலாம்’

துணிச்சலாக இருப்பவர்கள் கேன்சரை வெல்கிறார்கள் என்பது உலகெங்கும் பரவிய நம்பிக்கை. இதற்கு ஒரு விஞ்ஞான வரலாறு உண்டு. லண்டனில் ஸ்டீவன் கிரியர் குழுவினர் மார்பக அறுவை முடிந்து மூன்று மாதமான 69 பெண்களின் மனநிலையைப் பதிவுசெய்து, ஐந்து ஆண்டுகள் கழித்து 1979இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். போராடும் மனநிலை கொண்டவர்களும், நோயையே மறுத்தவர்களும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். செய்தித்தாள்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டன. மறுத்தவர்களும் தப்பினார்கள் என்ற பாதி மறக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, ஆதரவுக் குழுக்களில் கலந்துகொண்ட நோயாளிகள் இரு மடங்கு காலம் வாழ்ந்தார்கள் என்று அமெரிக்காவின் டேவிட் ஸ்பீகல் அறிவித்தார். அவர் ஆய்வில் இருந்தவர்கள் 86 பேர்.

பெரிய ஆய்வுகள் வந்தபோது இந்தக் கட்டடம் நிற்கவில்லை. 1999இல் கிரியரின் சகாக்களே 578 பெண்களை ஆராய்ந்ததில் போராடும் மனநிலைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு இல்லை. மிகுந்த கையறுநிலையில் இருந்தவர்களுக்கு மட்டும் ஓரளவு பாதகம் தெரிந்தது. 2001இல் கனடாவில் 235 பேரிடம் ஆதரவுக் குழுவைச் சோதித்தபோது மன உளைச்சலும் வலியும் குறைந்தன, ஆயுள் நீளவில்லை. பின்னர் ஸ்பீகலே மறுபடி செய்த ஆய்விலும் பழைய முடிவு கிடைக்கவில்லை. 2007இல் ஜேம்ஸ் கோய்ன் குழுவினர் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரை ஆராய்ந்து, உணர்ச்சி நலத்துக்கும் உயிர் பிழைப்பதற்கும் தொடர்பே காணவில்லை என்று எழுதினார்கள்.

இதை ஏமாற்றமான செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அழுதால் கேன்சர் திரும்பிவிடும், பயந்தால் பரவிவிடும் என்ற மிரட்டலிலிருந்து நோயாளியை இது விடுவிக்கிறது. ‘பாசிடிவ்வா இருங்க’ என்று சொல்லிச் சொல்லி, நோய் திரும்பினால் அதற்கும் அவரே காரணம் என்று நினைக்க வைக்கும் கொடுமையை ஜிம்மி ஹாலண்ட் கடுமையாகக் கண்டித்தார். மன உளைச்சலைக் குணப்படுத்துவதற்கு அது உளைச்சல் என்ற ஒரு காரணமே போதும். நடைமுறைக் காரணமும் உண்டு: மனச்சோர்வு உள்ளவர்கள் மருத்துவர் சொல்வதைப் பின்பற்றத் தவறும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு என்று பல நோய்களைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று 2000இல் காட்டியது. கீமோவை நடுவில் நிறுத்துவதும், மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்து ஆண்டு விழுங்க வேண்டிய மாத்திரையைக் கைவிடுவதும் உயிரோடு விளையாடுவது.

மான்செஸ்டர் நர்ஸ் செய்தது

1980இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் மான்செஸ்டரின் பீட்டர் மகுவயர் வெளியிட்ட ஆய்வு எளிமையானது, ஆழமானது. மார்பகம் அகற்றப்பட்ட 152 பெண்களில் பாதிப் பேருக்குச் சிறப்புப் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் ஆலோசனை சொல்லி, தொடர்ந்து சந்தித்துவந்தார். மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. ஆலோசனையால் மனநோய் வராமல் தடுக்க முடியவில்லை. இரு சாராருக்கும் வந்தது. ஆனால் தொடர்ந்து சந்தித்ததால், உதவி தேவைப்பட்டவர்களில் 76 சதவீதம் பேரை நர்ஸ் கண்டுபிடித்து மனநல மருத்துவரிடம் அனுப்பினார். மற்ற பிரிவில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 15 சதவீதம். அறுவை முடிந்து 12 முதல் 18 மாதத்துக்குள், நர்ஸ் பார்த்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும், பார்க்காதவர்களில் 39 சதவீதம் பேருக்கும் மனநலக் கோளாறு எஞ்சியிருந்தது.

வித்தியாசத்தை உண்டாக்கியது ஆறுதல் மொழி இல்லை. திரும்பத் திரும்பப் போய்க் கேட்டதும், கேட்டதை வைத்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பியதும்தான். கண்டுபிடித்தால் பலன் உண்டு என்பதை 2014இல் ஸ்காட்லாந்து ஆய்வு உறுதிசெய்தது. கேன்சரோடு கடும் மனச்சோர்வும் இருந்த 500 பேரில், பயிற்சி பெற்ற நர்ஸும் மனநல மருத்துவரும் சேர்ந்து கவனித்தவர்களில் 62 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் மனச்சோர்வு பாதியாகக் குறைந்தது. வழக்கமான கவனிப்பில் அந்த அளவு முன்னேறியவர்கள் 17 சதவீதம்.

நம் வீடுகளில்

நம்மிடம் ஆள்பலம் உண்டு. ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக ஒருவர், சாப்பாடு கொண்டுவர ஒருவர், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்று உறவே ஓர் அமைப்பாக இயங்குகிறது. அதே உறவுதான் டாக்டரின் அறைக்கு முன்னதாக ஓடிப்போய், ‘அவருக்குக் கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டாரு’ என்று கேட்டுக்கொள்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் இந்தக் கூட்டு மௌனத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். ரேடியேஷன் பிரிவின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிந்த நோயாளிக்கு விஷயம் தெரியாமல் இருப்பது அபூர்வம். வீட்டாருக்காக அவரும் தெரியாததுபோல் நடிக்கிறார். விளைவு, இரு தரப்பும் தனித்தனியாக அழுகின்றன. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டு, அந்த அளவுக்குச் சொல்வது நல்லது.

நம் ஊரில் துக்கம் உடம்பின் மொழியில் பேசும். ‘மனசு சரியில்ல’ என்பதற்கு முன் ‘நெஞ்சு படபடங்குது’, ‘தலை பாரமா இருக்கு’, ‘அடிவயித்துல என்னவோ பண்ணுது’ என்பவை வரும். ஆகவே கேள்வியும் அந்த மொழியில் இருக்கலாம்: ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது? முழிச்சா என்ன நினைப்பு ஓடுது? எதுலயாவது ஆசை இருக்கா? இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், தான் பிறருக்குப் பாரம் என்று பேசிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லியே தீர வேண்டும். செத்துவிடத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. இருக்கும் எண்ணத்தை இறக்கிவைக்க அது வழி தருகிறது.

நோய் திரும்பிவிடுமோ என்ற பயம் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. செக்கப் தேதி நெருங்கும்போது அது உச்சத்துக்குப் போகும். ‘அதெல்லாம் வராது’ என்ற வாக்குறுதி யாராலும் தர முடியாதது என்பதால் நோயாளி அதை நம்புவதில்லை. எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும், எதைப் பொருட்படுத்த வேண்டாம், அடுத்த ஸ்கேன் எப்போது என்று டாக்டரிடம் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்வது அதைவிட உதவும். தினமும் கொஞ்ச தூரம் நடப்பது அசதியையும் சோர்வையும் குறைக்கிறது. முழு ஓய்வு பல சமயம் அசதியைக் கூட்டுகிறது.

மனச்சோர்வு மாத்திரை தேவைப்பட்டால் தயங்க வேண்டாம். ஒரே ஓர் எச்சரிக்கை. மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்ஸிஃபென் எடுப்பவர்கள் அதை மனநல மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற சில மருந்துகள், டாமாக்ஸிஃபெனைச் செயல்படும் வடிவமாக மாற்றும் கல்லீரல் நொதியைத் தடுக்கின்றன. இந்தச் சிக்கல் குறைவான மாற்று மருந்துகள் உண்டு.

உதவி எங்கே கிடைக்கும்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் உளப் புற்றுநோயியலுக்குத் தனித்துறையே இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

ஆனால் நோயாளி தேடிப்போய்க் கேட்கும்வரை காத்திருக்கும் முறைதான் மான்செஸ்டரில் 15 சதவீதம் பேரை மட்டும் கண்டுபிடித்த முறை. மறுபரிசோதனைக்கு வருபவரின் சீட்டில் எடைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இடம் இருக்கிறது. பூஜ்யத்திலிருந்து 10 வரை உளைச்சலுக்கு ஓர் எண் எழுத இன்னொரு கட்டம் போட்டால் போதும். அதற்கு இயந்திரம் வேண்டாம், ஓரிரு நிமிடமும் கேட்கத் தெரிந்த ஒரு நர்ஸும் இருந்தால் நடக்கும். அதுவரை வீட்டில் ஒருவர் அந்தக் கேள்வியைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு முறை கேட்கட்டும்; எண் நான்கை எட்டினாலோ தாண்டினாலோ அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அதையும் ரிப்போர்ட்டுகளோடு சேர்த்துச் சொல்லட்டும்.